பேர்ணடெற் வாசித்த வால்ஸ்

கணவன் கிறிஸ்துநாயகம் இறந்தபின் டொரோண்டோவின் டோர்செட் பார்க் அடுக்குமாடி வீட்டில் பேர்ணடெற் தனியாகிவிட்டாள். மகள் செரீனாவுக்கு வான்கூவரில் வேலை. பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்யும் பேர்ணடெற் பகல் முழுக்க யாருடனாவது பேசிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் டிவியின் குரல்தான்.

பல் காட்ட வந்த அன்ட்ரூவை வேலையிடத்தில்தான் சந்தித்தாள். அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவன், டொரோண்டோவில் ஸைடிகோ இசைக்குழு நடத்துகிறான். ஸைடிகோ அவனுடைய ஊர்க் கறுப்பின மக்களின் ஆட்ட இசை. துருத்திபோல இழுத்து வாசிக்கும் அக்கோர்டியன்தான் அதற்கு உயிர். தன் குழுவில் அதை வாசித்தவர் விலகிவிட்டார் என்று அவன் போனில் புலம்பியது அவள் காதில் விழுந்தது. தான் தேவாலயத்தில் பல வருடம் அக்கோர்டியன் வாசித்தவள் என்று யோசிக்காமலே சொல்லிவிட்டாள்.

அவன் அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டான். வேகமான பாட்டுகளுக்கு விரல் பழகச் சில மாதம் பிடித்தது. பிறகு ஸ்டுடியோவில் ஆல்பம் பதிவு செய்தார்கள். கடைசிப் பாட்டு, மூன்று தட்டுத் தாளத்தில் மெதுவாக நகரும் ஒரு வால்ஸ். பாதி வாசிக்கையில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூச்சு இழுத்த சத்தம் மைக்கில் விழுந்தது. யாரும் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை. முடிந்ததும், இன்னொரு தரம் வாசிப்போமா என்று அன்ட்ரூ கேட்டான். இப்படியே இருக்கட்டும் என்றாள்.

அந்த ஆல்பத்துக்கு விருது கிடைத்தது. மேடையில் குழுவினரின் பெயர்களை வாசித்தபோது மற்ற ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலையிலிருந்து சொந்தக்காரரின் கூச்சல் எழுந்தது. அவள் பெயருக்கு எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

மண்டப வாசலில் நின்று மகளை அழைத்தாள்.

“ஓ மை கோட், அம்மா! ஐ ஆம் ஸோ ப்ரவுட். இப்ப மீட்டிங்கில நிக்கிறன், பிறகு எடுக்கிறன்.”

செரீனா அன்று எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கணவனின் தங்கை அருள்மலர் வந்தாள். உட்காரவில்லை.

“மச்சாள், அண்ணை கண்ணை மூடி ரெண்டு வருசம் ஆகேல்லை. நீங்கள் ஆம்பிளையளோட மேடையில ஏறி ஆட்டப் பாட்டு வாசிக்கிறியளாம். சேர்ச்சில எல்லாரும் கேக்கினம்.”

“நீர் அதைக் கேட்டனீரோ?”

“எனக்கேன் உது?”

பேர்ணடெற் அந்த வால்ஸைப் போட்டாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அருள்மலர் கேட்டாள். மூச்சு இழுபடும் இடத்தில் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கள் இதில அழுறியளோ?”

“ஓம்.”

அருள்மலரின் கண்ணும் கலங்கியது. ஆனால் கதவடியில் செருப்பைப் போட்டுக்கொண்டே, “எண்டாலும் சனம் கதைக்கும், மச்சாள்” என்றாள். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. பேர்ணடெற் வழிபாட்டுக்குப் போய்க் கடைசி வரிசையில் இருந்துவிட்டு, தேநீருக்கு நிற்காமல் திரும்பினாள்.

கோடையில் லூசியானாவில் ஒரு விழாவில் வாசிக்கக் குழுவுக்கு அழைப்பு வந்தது. வேண்டாம் என்று சொல்லலாமா என ஒரு கிழமை யோசித்தாள். பிறகு வேலையில் லீவு கேட்டாள்.

புறப்படும் காலை, வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கட்டட மேற்பார்வையாளர் பிரசாந்திடம் போனாள்.

“அன்ரி, ஏதும் அவசரமெண்டால் இஞ்ச ஆருக்குப் போன் அடிக்கிறது?”

அவள் போனில் அருள்மலரின் பெயர்வரை தள்ளிப் பார்த்துவிட்டு அதைப் பைக்குள் வைத்தாள்.

“எனக்கே அடியும், தம்பி.”

வெளியே அன்ட்ரூவின் வான் ஹோர்ன் அடித்தது. அக்கோர்டியன் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.