களாக் குளிசை

கொட்டாஞ்சேனையில் ஸ்கூல் வேன் ஓட்டும் ஹபீஸுக்கு நோம்பின் முதல் வாரத்திலேயே உடம்பெல்லாம் தடித்துக் கடிக்கத் தொடங்கியது. டொக்டரிடம் போகாமல் இருப்பதே வீரம் என்று நினைக்கிற ஆம்பிளை அவன். சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றவனை மனைவி கைருன்னிஸாதான் இழுத்துக்கொண்டு போனாள். அலர்ஜிக்கு ஒரு சின்ன மஞ்சள் குளிசை எழுதிக் கொடுத்தார்கள்.

பாமசியில் ரொஷேல் என்ற பெண் அதை உறையில் போட்டுக்கொண்டே பொறுமையாகத்தான் சொன்னாள்.

"இரவுக்கு மட்டும் ஒண்டு, அன்ரி. இது நல்லா நித்திரை வரப்பண்ணும். ஒரு இரவு மறந்தா விட்டிடுங்க, பிறகு சேர்த்து ரெண்டாக் குடுக்க வேணாம். அங்கிள் வேன் ஓடுறவர்தானே, விடியக்காலையில குடுக்கவே வேணாம்."

கைருன்னிஸா தலையாட்டினாள். ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டாள் என்று பழி சொல்ல முடியாது. கேட்டாள், விளங்கியும் கொண்டாள். ஆனால் அவள் வளர்ந்த வீட்டில் விட்டதை விட்டுவிடும் பழக்கம் இல்லை. நோம்பு விட்டால் பிறகு களாவாகப் பிடித்து ஈடுகட்ட வேண்டும், தொழுகை தவறினால் களாவாகத் தொழ வேண்டும். குந்துமணி அளவுக் குளிசைக்கு மட்டும் வேறு சட்டமா என்று அவள் மனம் கேட்டது.

ஓர் இரவு தராவீஹ் தொழுதுவிட்டு வந்த ஹபீஸ் குளிசை போடாமலே சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டான். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோது கழுத்தெல்லாம் நகக் கீறல். பகல் முழுக்க வாயில் ஒன்றும் போட ஏலாதே, மனிதன் எப்படித் தாங்குவான் என்று நினைத்தாள். சாப்பிட்டு முடித்து, பாதித் தூக்கத்தில் அவன் நீட்டிய உள்ளங்கையில் இரண்டு குளிசைகளை வைத்தாள். ஒன்று அன்றைக்கு, ஒன்று களா. அவன் பார்க்கவில்லை. கட்டின நாள் முதல் அவள் கையால் தந்ததை அவன் எண்ணிப் பார்த்ததே இல்லை.

மகள் அஸ்காவும் அன்று எழும்பியிருந்தாள். எட்டு வயது. பகல் வரைக்கும் பாதி நோம்பு பிடிப்பதாக அடம். வேனில் வாப்பாவுக்குப் பக்கத்துச் சீட் அவளுடையது, வேறு பிள்ளை உட்கார்ந்தால் முகம் தூக்கிக்கொள்வாள்.

காலையில் வேன் வெள்ளவத்தை ஸ்கூல் பக்கம் திரும்ப இன்னும் கொஞ்சத் தூரம்தான். மரைன் டிரைவ் நேர் ரோடு, கடற்காற்று. வேன் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து விளக்குக் கம்பத்தில் ஏறியது. பின்னால் இருந்த பிள்ளைகளுக்குச் சிராய்ப்போடு போனது. இடப்பக்கம் இருந்தது அஸ்கா.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் டொக்டர் கைருன்னிஸாவைத் தனியாகக் கூப்பிட்டார். "மெஷின்தான் மூச்சு விடுது, அம்மா. நாங்க செய்ய ஒண்டும் மிச்சமில்ல." அவள் அதற்கும் தலையாட்டினாள்.

வெளியே வாங்கில் ஹபீஸ் உட்கார்ந்திருந்தான், நெற்றியில் கட்டோடு. பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். "நிந்த கியாத?" என்று அவர் சிங்களத்தில் திரும்பவும் கேட்டார். தூங்கிவிட்டாயா என்று. இல்லை, பிரேக் பிடிக்கவில்லை என்றான் ஹபீஸ். பொய் சொல்லவில்லை பாவம், தூங்கியவனுக்குத் தான் தூங்கியது எப்படித் தெரியும்?

"நீங்களாவது நம்புங்க, கைருன். ஸஹருக்கு எழும்புறது எனக்குப் பழக்கம். நான் தூங்குற ஆளா?"

ஸஹருக்குத் தந்த இரண்டு குளிசையைச் சொன்னால் மகளோடு புருஷனையும் இழப்பாள். சொல்லாவிட்டால் பிரேக்கைச் சொல்லிக்கொண்டே அவன் மறியலில் கம்பி எண்ணுவான். எந்தப் பக்கம் போனாலும் அஸ்கா எழும்பப் போவதில்லை. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது, அழுகையும் வரவில்லை.

மஃரிபுக்கு யாரோ பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஹபீஸ் நோம்பு திறந்தான். பிறகு கழுத்தைச் சொறிந்தான். உயிர் போகிற நேரத்திலும் உடம்புக்கு வெட்கமில்லை.

"குளிசை பேக்ல ஈக்கா?"

எடுத்து ஒன்றை அவன் கையில் வைத்தாள்.

"நேத்து ராவு போடல்லயே. ரெண்டாத் தாங்க. கடி உயிர எடுக்குது."

"ஒண்டுதான்," என்றாள். "விட்டத விடணுமாம். ரெண்டு சேர்த்தா கண்ணத் தொறக்க ஏலாம நித்திரை வருமாம்."

"யார் சொன்ன?"

"பாமசிப் புள்ள. மருந்து வாங்கின அண்டே சொன்ன."

அவன் கையிலிருந்த குளிசையைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணிப் பார்ப்பவன் போலப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஸஹருக்கு எத்தின தந்தீங்க?"

கைருன்னிஸா சொன்னாள்.

பொலிஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தை ஹபீஸிடம் நீட்டினார். வாங்க அவன் கை எழும்பவில்லை.