வாவிப்பக்க யன்னல்

புளியந்தீவில் அந்த ஒல்லாந்தர் காலத்து வீடு கந்தப்போடியின் கையில் சிக்காதிருந்தால் எப்போதோ திருத்தி முடிந்திருக்கும். ஷெல் விழுந்து கூரை போன வீடு. அதை விட்டுக் கல்லடிக்குப் போனார்கள். அங்கே கட்டியதைச் சுனாமி கொண்டுபோனது. பிறகு முகாம், வாடகை அறை. போர் ஓய்ந்த மறுவருடம் மனைவி புஸ்பத்தின் இந்தச் சீதன வீட்டைத் திருத்தத் தொடங்கியபோது மனிதர் தானே கல் சுமந்தார். அவ்வளவு ஆசை.

சுவர் எழுந்தது, ஓடு ஏறியது. அதன் பிறகுதான் அவருக்கு வியாதி பிடித்தது. முன்னறையில் வாவியைப் பார்த்த யன்னல் ஒருநாள் உயர்ந்துவிட்டது, இன்னொருநாள் தாழ்ந்துவிட்டது, அப்புறம் நிலை கோணிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் உடைத்துக் கட்டச் சொன்னார். காத்தான்குடி மேசன் மஜீட் நூல் பிடித்து நேரென்று காட்டினார். நூல்தான் கோணல் என்றார் கந்தப்போடி.

காரணம் ஊருக்கே தெரியும். மகள் கம்சாயினிக்கு யதுர்ஷனைப் பேசியாயிற்று. வீடு முடிந்தால் கல்யாணம். கல்யாணமானால் வீடு மகளுக்கு, முன்னறை மருமகனுக்கு. பெற்றவர்கள் குசினி அடுப்புக்குப் பின்னாலுள்ள சிற்றறைக்கு. மட்டக்களப்பு வழமை அது. கந்தப்போடிக்கு வழமையோடு சண்டையில்லை. இத்தனை காலம் கழித்துக் கிடைத்த யன்னலில் கொஞ்சநாள் காற்று வாங்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வெட்கம்.

"மறுகாலும் உடைக்கவா, போடியார்?" என்றார் மஜீட். "மாப்பிள்ளைக்குத் தலை நரைச்சிரும்."

"நரைக்கட்டும். உடைங்க தம்பி."

பழைய சுவர்வரை உடைத்த மஜீட் கையை நிறுத்தினார். "இஞ்ச பாருங்க. இந்த யன்னலை முந்தியும் ஆரோ உடைச்சு உடைச்சுக் கட்டியிருக்காங்க. சாந்துக்கு மேல சாந்து கிடக்கு."

தேத்தண்ணியோடு வந்த புஸ்பம் எட்டிப் பார்த்தாள்.

"அது எங்கட அப்பா," என்றாள். "நீங்க மாப்பிள்ளையா வரக்குள்ள, யன்னல் சரியில்லையெண்டு கல்யாணத்தத் தள்ளிக்கொண்டே போனவர். கிழவனுக்கு விசரெண்டு நீங்கதான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்க."

மஜீட் சிரிப்பைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினார்.

கந்தப்போடிக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் முன்னறைப் பக்கம் தலைவைத்ததே இல்லை. இதே யன்னலடியில் சாய்ந்து தூங்கிய காலமெல்லாம், வாங்க மாமா, கொஞ்சம் இருங்க என்று இவர் ஒரு வார்த்தை கூப்பிட்டதுமில்லை. அது இன்றைக்குத்தான் சுட்டது.

"பழைய இடத்திலேயே நிலைய வைங்க தம்பி," என்றார். "வாற மாசமே கல்யாணத்த வைப்பம்."

புஸ்பம் நம்பாமல் பார்த்தாள்.

"பின்னறைக்கும் ஒரு யன்னல் வேணும்," என்றார் கந்தப்போடி.

"எந்தப் பக்கம்?"

"வாவிப்பக்கம்."

"அங்க மதிலெல்லோ நிக்குது, போடியார்?"

"அப்ப மதில உடைங்க."