இரண்டாம் மாடியிலிருந்து ஒரு கயிறு

பத்து வருடத்தில் வீடில்லாதவர் என்று ஒருவர்கூட இருக்கமாட்டார் என்று எங்கள் நகரம் அறிவித்தபோது, ஆர்டெலும் நானும் பாலத்தடியில் பீன்ஸ் டப்பாவைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம். கேட்டுச் சிரித்தோம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சில வருடம் கழித்து நிஜமாகவே ஆள் அனுப்பினார்கள்.

வந்தவன் பெயர் டோபின். நல்ல மனசுக்காரன். யாருக்கு உடம்பு ரொம்ப மோசமோ அவருக்குத்தான் முதலில் வீடு என்று சொல்லிவிட்டு வரிசையாகக் கேள்வி கேட்டான். ஆர்டெல் தன் வலிப்பை ஒளிக்காமல் சொன்னான். நான் எல்லாவற்றுக்கும் ஒன்றுமில்லை, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றேன். தெருவில் படுக்கிற பெண் தனக்கு முடியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னால் அன்றைக்கே போர்வை பறிபோகும். அந்தப் பழக்கம். என் மூச்சிரைப்பைச் சொல்லியிருந்தால், ஆர்டெலுக்கு அறை கொடுத்த கட்டடத்திலேயே எனக்கும் ஒன்று கிடைத்திருக்கும். பாழாய்ப்போன வீம்பு!

ஆர்டெலுக்கு வலிப்பு தூக்கத்தில்தான் வரும். அதனால் அவன் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டு படுப்போம். கயிறு உதறினால் எழுந்து அவனை ஒருக்களித்துப் போடுவேன். அண்ணன் தங்கை இல்லை, புருஷன் பெண்டாட்டியும் இல்லை. அந்தக் கயிறுதான் எங்கள் உறவு.

சாவி வந்ததும் அவன் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ராத்திரி விருந்தாளி தங்கக்கூடாது என்பது கட்டட விதி.

"நீ இல்லாம நான் எப்படித் தூங்குறது, வெர்னா?"

"மூடிட்டுப் போடா. இந்தக் குளிர்ல வீட்டை வேணாங்கறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

போனான். அன்றைக்கே இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து கயிறு இறங்கியது. நான் கீழே நடைபாதையில் படுக்கையை விரித்து நுனியைக் கையில் கட்டிக்கொண்டேன். உதறினால் வாசல் மணியை அடிப்பேன். காவலாளி மேலே ஓடுவான். அப்படித்தான் பிழைத்துக் கிடந்தான். இதைப் பார்த்த டோபின் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் நோயாளிக்குத் துணை என்று என்னை உள்ளே சேர்க்க மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டினான். பனி உருகுவதற்குள் ஆகிவிடும் என்றான்.

அதற்குள், எல்லாருக்கும் வீடு கொடுத்தாயிற்று என்று கொண்டாட நகரத்தின் விழா வந்தது. அந்தக் கட்டடத்தின் முன்னால் மேடை, பேண்டு வாத்தியம், மேயர். ஆர்டெலும் இரண்டு வார்த்தை பேசவேண்டுமாம். நடைபாதையில் யாரும் இருக்கக்கூடாது என்று போலீஸ்காரர் என்னை எழுப்பினார். நான் மேலே பார்த்தேன். ஆர்டெல் புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்று, முழித்துத்தான் இருப்பேன், போய்விட்டு வா என்று கையாட்டினான். நுனியை வாசல் கம்பியில் கட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போனேன்.

பேச்சை நினைத்துப் பயந்து முந்தைய ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. கொஞ்சம் சாய்ந்திருப்பான். பாவி, படுத்தால் கயிற்றை மாட்டிக்கொள்வது அவன் பழக்கம்.

அலங்காரம் செய்தவர்கள் வாசல் கம்பியெங்கும் பலூன் கட்டியிருந்தார்கள். என் கயிற்றையும் விடவில்லை, அதில் ஒரு நீல பலூன். மேயர் பேசிக்கொண்டிருந்தபோது அது குதித்தது. மற்றவை அசையவில்லை. காற்றே இல்லை.

"அவனுக்கு வலிப்பு! மேலே யாராவது ஓடுங்க!"

கத்திக்கொண்டே ஓடினேன். தெருமுனையில் போட்டிருந்த தடுப்பருகே நின்ற போலீஸ்காரர் என் தோளைப் பிடித்தார். "கலாட்டா பண்ணாதீங்கம்மா. விழா முடியட்டும்."

பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தேன். இன்னொருவரும் வந்து பிடித்தார். காவலாளி மேடைக்கு நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தான். முன்வரிசையில் ஒரு குழந்தை பலூனைக் காட்டிச் சிரித்தது. இந்தத் தெருவில் இனி யாரும் வெளியே படுக்கமாட்டார்கள் என்றார் மேயர். கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்வதற்குள் பலூன் நின்றுவிட்டது. பிறகு ஒலிபெருக்கியில் ஆர்டெலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்னொரு முறையும் கூப்பிட்டார்கள்.

பனி உருகியபோது டோபின் மறுபடி கேள்விகளோடு வந்தான். இந்த முறை எதையும் ஒளிக்கவில்லை. மூச்சிரைப்பு, முட்டிவலி, தூக்கமில்லாதது எல்லாம் சொன்னேன். ஆர்டெல் இருந்த அறையையே கொடுத்தார்கள். கதவு பூட்டுகிறது, வெந்நீர் வருகிறது. சாமான் இறக்க வந்த டோபின் ஜன்னலோரம் கிடந்த கயிற்றை எடுத்து, இதை வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டான்.

"எதுக்குப்பா? அந்த நுனியை யார் கட்டிக்குவா?" என்றேன்.