நாலரை மீட்டர்

1

இது நானாக யோசித்த கதை இல்லை. எதிர்வீட்டு ரிஃபானா கைப்பேசியில் காட்டிய ஒரு படத்திலிருந்து திருடியது. அவள் நிலநடுக்க ஆய்வாளர். எங்காவது பெரிய பூகம்பம் வந்தால் [நாட்டின் பெயரை விட்டுவிடுகிறேன்; அங்கே இன்னும் அழுதுகொண்டிருக்கிறார்கள்] அங்கே போய், பிளந்த தரை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளப்பாள். படத்தில் ஒரு வயல் வரப்பு வெடிப்பு வரை வந்து அறுந்து, நாலரை மீட்டர் தள்ளித் தொடர்ந்தது.

முதல் வரி உடனே வந்துவிட்டது: “ஒரு மூச்சு விடுவதற்குள் பூமி நாலரை மீட்டர் நகர்ந்தது.” எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு சிலிர்த்தது. காலுக்குக் கீழே இருப்பதை நாம் என்னவென்று நினைத்துக்கொண்டு

(இந்த வாக்கியம் இதற்கு மேல் போகவில்லை.)

2

அவளுடைய ஆய்வுக் குழு அளந்ததிலேயே பெரிய அளவு அவளுடைய இந்த நாலரைதான். அதை வைத்துத்தான் அடுத்த பயணத்துக்கு அவள் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். அறிக்கை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.

3

அவள் அக்கா ஷாஸியா பனியன் கம்பெனியில் தையல் பிழை பார்க்கும் செக்கிங் வேலை. டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் பாத்திரமாகத்தான் அவளை எழுதியிருந்தேன். அது என் புத்திகெட்ட வேலை. டீயை வைத்தவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இந்த வரப்பு முன்னாடியே வளைஞ்சிருக்குதுடி.”

“பூகம்பத்துல வளைஞ்சதுதான், அக்கா.”

“வெடிப்புக்கிட்டயே பாக்காதே. பனியன் பக்கத்தையல் கோணிக் கெடந்தா, தொவச்சதுல கோணுச்சா, தைக்கயிலயே கோணுச்சான்னு தள்ளிப் போய் ரெண்டு ஓரத்துலயும் பாக்கோணும். இங்க பாரு, வெடிப்புக்கு அத்தனை தூரத்துலயே வளைய ஆரம்பிச்சிருச்சு.”

ரிஃபானா வரப்பு நேராக இருக்கும் தூரத்திலிருந்து இரண்டு பக்கமும் கோடு இழுத்தாள். பூமி நகர்ந்தது மூன்று மீட்டர்தான். மிச்ச ஒன்றரை, யாரோ ஒரு விவசாயி எப்போதோ வளைத்துக் கட்டியது.

[மூன்றும் சின்ன அளவில்லை. வாசலில் இறங்கி அடி வைத்து அளந்தேன். அவ்வளவு நகர்ந்தால் என் வீட்டு நிலைப்படி காம்பவுண்டைத் தாண்டித் தெருவில் நிற்கும். மறுபடியும் சிலிர்த்தது.]

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் திருத்தி அனுப்புகிறாள். பயணத்துக்கு வேறு ஆள் போகிறார். மற்றதில் வாயை மூடிக்கொள்கிறாள். இரண்டையும் படித்துக் காட்டி, “உள்ளதை அனுப்பீரு கண்ணு” என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

அவள் சிரித்தாள். “உங்க கதையில எத்தனைன்னு போட்டிருக்கீங்கண்ணா?”

“நாலரை.”

“மாத்தலீங்களா?”

“மூணுன்னா வரி எடுபடலை.”

“அப்பச் சரிங்கண்ணா. நீங்க முதல்ல மாத்துங்க, அப்பறம் நான் அனுப்பறேன்.”

திருத்தம் சொல்லும் அவளுடைய மெயில் இன்னும் அனுப்பாமல் திரையிலேயே நிற்கிறது. என் முதல் வரியும் மேலே அப்படியேதான் இருக்கிறது. அந்த நாலரையை அடித்துத் திருத்தக் கை வரவில்லை. வாசிக்கிற உங்களிடம் பேனா இருக்கிறதுதானே?