பதினேழாவது கேள்வி

பாடப்புத்தகம் தேர்ந்தெடுப்பதில் பேராசிரியைக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னுரையைத் தொடவே மாட்டாள். முன்னுரையில் எல்லாரும் நல்லவர்கள்தான். நேராக அத்தியாயத்தின் கடைசிக்குப் போய்க் கேள்விகளைப் படிப்பாள். ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் வராது என்பது அவள் கட்சி.

இளநிலை இரண்டாம் ஆண்டின் கனிம வேதியியலுக்குப் புதிய புத்தகம் வைக்க வேண்டும். வந்த மாதிரிப் பிரதிகளைக் கழித்துக்கட்டியதில் இரண்டு மிஞ்சின. ஒன்று நீல அட்டை, இன்னொன்று பழுப்பு அட்டை. வெள்ளிக்கிழமை துறைத் தலைவர் இரண்டையும் அவள் மேஜையில் வைத்தார்.

"திங்கக்கிழமை மீட்டிங். நீங்க எதைச் சொல்றீங்களோ அதுக்கு நான் தலையாட்டிடுவேன். கனிமம் படிச்சு எனக்கு முப்பது வருஷமாச்சு. தங்கம் உலோகம்கிற வரைக்கும் ஞாபகம் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. நீல அட்டையில் இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டமும் பதவியுமாக நீளமான பெயர். ஆனால் அவளைப் பொறுத்தவரை அந்த ஆளுக்கு ஒரே பெயர்தான்: அவசரம்.

ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது இருவருக்கும் ஒரே லேப், ஒரே மேடை, ஒரே டப்பாவில் சாப்பாடு. அவசரத்துக்கு மூளை ஓடுகிற ஓட்டத்துக்குக் கை ஈடுகொடுக்காது. 'இதிலிருந்து தெளிவாகத் தெரிவது' என்று எழுதி, நடுவில் நான்கு வரிகளை முழுங்கிவிடுவாள். அவளுக்குத் தெளிவு, மற்றவர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல. ஜூனியர்கள் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு இவளிடம் ஓடிவருவார்கள். இவள் ஓரத்தில் பென்சிலால் அந்த நான்கு வரிகளைப் பொறுமையாகப் போட்டுக் கொடுப்பாள்.

"நான் எழுதறேன்டி, விட்டதை நீ போடு," என்பாள் அவசரம். "ஒரு நாள் புத்தகமாவே போட்டுடலாம்."

"அட்டையில என் பேரும் வரணும்."

"வரும், வரும். பென்சில்ல."

அதெல்லாம் இருபத்துமூன்று வருடத்துக்கு முந்தைய கதை. அப்புறம் ஒரு கிண்ணம் உப்பு நடுவில் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் நீலப் புத்தகத்தைத் திறந்தாள். எதிரே வீட்டுக்காரர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாம் அத்தியாயத்தின் கேள்விகளை ரசித்துப் படித்துக்கொண்டே வந்தவள், பதினேழாவதில் நின்றுவிட்டாள்.

'ஒரு மாணவி கோபால்ட்டின் பச்சை உப்பைச் சுத்தம் செய்ய நினைத்து, அமிலம் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் கரைத்து, வாட்டர் பாத்தின் கொதிநீராவி மேல் வற்ற வைக்கிறாள். அவள் தோழி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கிண்ணத்தில் ஊதா உப்பு இருக்கிறது. (அ) நடந்தது என்ன? (ஆ) அதை மறுபடி பச்சையாக்க முடியுமா?'

"என்ன, முகம் வெளிறிப்போச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல. கேள்வி கஷ்டமா இருக்கு."

"உனக்கேவா?" என்று சொல்லிவிட்டு அவர் பீன்ஸுக்குத் திரும்பினார்.

அந்தப் பச்சை உப்பு பதினொரு நாள் உழைப்பு. ஆராய்ச்சி வழிகாட்டி அதை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பக் காத்திருந்தார். அன்று வாட்டர் பாத் பொறுப்பு என்று பலகையில் எழுதியிருந்தது அவசரத்தின் பெயர். அவள் சாப்பிடப் போன அரைமணி நேரத்தில், உப்பில் அழுக்கு தெரிகிறதே, தோழிக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று கரைத்து வைத்தவள் இவள். எதற்கும் நிதானம் என்று பெயரெடுத்தவள் அன்று அமிலத்தை மறந்தாள். ஊதாவைப் பார்த்ததும் வழிகாட்டி கிண்ணத்தைத் தூக்கி சிங்க்கில் கவிழ்த்துவிட்டு, பலகையில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

இவள் வாயைத் திறக்கவில்லை. இவளுடைய ஆராய்ச்சிக் காலத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கும் தாளில் அவர் அந்த வாரம்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளை மறுநாள் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். மறுமாதம் அவசரம் வேறு லேபுக்கு மாறினாள், அப்புறம் கடல் தாண்டிப் போனாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. தன்மேல் விழுந்த பழியால் கோபம் என்றுதான் இத்தனை வருடம் இவள் நினைத்திருந்தாள். இப்போது கேள்வியைப் படித்ததும் புரிந்தது: கரைத்தது யார் என்று அவளுக்கு அன்றைக்கே தெரியும். இவளாக வந்து சொல்லுவாள் என்று ஒரு மாதம் காத்திருந்து பார்த்திருக்கிறாள்.

பின்பக்கத்தைப் புரட்டினாள், விடைகள் இல்லை. புத்தகத்தைப் பாடத்துக்கு வைக்கும் கல்லூரிகளுக்கு மட்டும் விடைநூல் அனுப்பப்படும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. (ஆ)வுக்கு வேதியியல் விடை இவளுக்குத் தெரியாததல்ல. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி மறுபடி வற்ற வைத்தால் பச்சை திரும்பும். ஆனால் அதை அவசரம் எப்படி எழுதியிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்போல இருந்தது. 'முடியும்' என்று அவள் ஒரு வார்த்தை எழுதியிருப்பதைப் பார்த்தால் போதும். திங்கட்கிழமை நீல அட்டையைக் காட்டினால் வேலை முடிந்தது. துறைத் தலைவர் தலையாட்டுவார்.

ஞாயிறு முழுக்க நீலத்தைப் படித்தாள். அருமையான புத்தகம். படிக்கும்போது அந்தக் குரல் காதில் கேட்டது. ஆனால் பன்னிரண்டாம் பக்கத்திலேயே 'இதிலிருந்து தெளிவாகத் தெரிவது' வந்துவிட்டது. இருபதில் வந்தது, முப்பத்தொன்றில் இரண்டு முறை வந்தது. தன்னையறியாமல் பென்சிலை எடுத்து ஓரத்தில் விட்ட வரிகளைப் போட ஆரம்பித்தாள். நாற்பதாம் பக்கம் வரும்போது கண் கலங்கி எழுத்து மங்கியது. புத்தகத்தில் எங்கெல்லாம் பள்ளமோ அங்கெல்லாம் தான் இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் இதுதான் இருவரும் போடுவதாக இருந்த அந்தப் புத்தகம்.

தன் மாணவர்களை நினைத்தாள். பாதிப் பேர் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள். ஒரு வரி விட்டால் தங்களுக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள். பழுப்பு அட்டையில் அழகு கிடையாது, ஆனால் படிக்குப் படி கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் பழுப்பு அட்டையை எடுத்து வைத்தாள்.

"நீலம்தான்னு நினைச்சேன்," என்றார் துறைத் தலைவர். "வெள்ளிக்கிழமை அந்த அட்டையையேதானே பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

"நல்ல புத்தகம் சார். நம்ம பிள்ளைங்களுக்கு ஆகாது."

மத்தியானம் பதிப்பகத்துப் பிரதிநிதி மாதிரிப் பிரதியைத் திரும்ப வாங்க வந்தார். கூடவே ஒரு படிவத்தை நீட்டினார். 'தேர்ந்தெடுக்காததற்குக் காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம்.

"சும்மா ஒரு வரி போதும் மேடம். எழுதினவங்க இதையெல்லாம் கேட்டு வாங்கிப் படிக்கறாங்க."

"அவங்களே படிப்பாங்களா?"

"ஒண்ணு விடாம. புத்தகத்தையும் சேர்த்தே அனுப்பறோம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்துமூன்று வருடம் தொண்டையில் நின்றது ஒரு கட்டத்தில் அடங்குமா? எழுதினாள்.

'நடுவில் வரிகள் விட்டுப்போயிருக்கின்றன. நாற்பது பக்கம் வரை ஓரத்தில் போட்டிருக்கிறேன், மிச்சம் இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயம், பதினேழாவது கேள்வி: (அ) கரைத்தது நான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். (ஆ) எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.'

பிரதிநிதி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "பென்சில்ல எழுதிட்டீங்களே மேடம். மேலயே பேனாவால போட்டுடுங்க. பேரு வேற எழுதலையே?"

"பென்சில்லயே போகட்டும்," என்றாள். "பார்த்தா அவளுக்குத் தெரியும்."