நான்காம் பலகையில் ஒரு துளை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டது பதினான்கு விளக்க அட்டைகள். கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் நின்று படிப்பதற்கு, அட்டைக்கு நாற்பது சொல். அந்த வேலைக்குப் போன இடத்தில் ஒரு சந்தேகம் முள்ளாகத் தைத்துவிட்டது. நடக்கும்போதெல்லாம் குத்தியது. சரி, உட்கார்ந்து எடுத்துவிடலாம் என்று எழுதத் தொடங்கினேன்.

கப்பல் பழையதல்ல. முந்நூறு வருடங்களுக்கு முந்தைய முறைப்படி புதிதாகக் கட்டியது. மூன்று பாய்மரம். முழுக்க மரம். பலகைகளை உள்ளே இருக்கும் விலாக்கட்டைகளோடு பிணைப்பதற்குக்கூட இரும்பு கிடையாது, மர ஆணிதான். துளை போட்டு ஆணியை அடித்து இறக்கினால், தண்ணீர் பட்டு ஊறி இறுகிக்கொள்ளும். பட்டறையில் எல்லோரும் அதைப் 'புதுப்பழசு' என்றுதான் கூப்பிட்டார்கள்.

கட்டிய தலைமைத் தச்சர் என் தங்கையின் கணவர். எனக்கு மாப்பிள்ளை. தங்கை அதே பட்டறையில் பாய் தைக்கிறாள். ஆக, அட்டை எழுதும் வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் சந்தேகப்பட்டால், அது நியாயமான சந்தேகம்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'கடல் அன்று அமைதியாக' — வேண்டாம். பட்டறையிலிருந்து பார்த்தால் கடலே தெரியாது. எதிரில் ஒரு டயர் கிடங்குதான்.

'அவர் ஒரு பித்தலாட்டக்காரர் என்று எனக்குத் தெரிய வந்த அன்று' — இது பிடித்திருந்தது. இரண்டு பக்கம் தடையில்லாமல் ஓடியது. [கிழித்தேன். காரணம் பின்னால் வரும்.]

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி சொல்வது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டார்ச்சும் நோட்டுமாகக் கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கினேன். பலகைகளின் உள்பக்கம் முழுக்கத் தார் பூசியிருந்தது. காய்ந்து மங்கிய கறுப்பு. கீழிருந்து நான்காவது பலகையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு, நேற்றுப் பாலிஷ் போட்ட ஷூவைப்போலப் பளபளத்தது.

"மாப்பிள்ளை, இங்க மட்டும் ஏன் தார் புதுசா இருக்கு?"

அவர் வந்தார். திட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"வெயில்ல உருகியிருக்கும் அக்கா."

கப்பலின் வயிற்றுக்குள், ஏழடி ஆழத்தில், எந்த வெயில்?

மறுநாள் போனபோது அந்த இடத்தில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள், படுத்த எருமை மாதிரி, உட்கார்ந்திருந்தது.

3

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அதன்பின் அவர் செய்த ஒவ்வொன்றும் எனக்குச் சாட்சியாகிவிட்டது. டீ டம்ளரை மேசை விளிம்பில் வைத்துத் தவறவிட்டார்: 'பதற்றம்' என்று குறித்துக்கொண்டேன். பென்சிலை எடுக்கக் கை நீட்டி, அதற்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே விரல்களை மூடினார்: 'கை நடுக்கம். குற்ற உணர்வு.' உளுத்த பலகையைப் பொருத்திவிட்டுத் தார் பூசி மறைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

தங்கையிடம் மெல்ல ஆரம்பித்தேன். பாய்த்துணியைத் தரை முழுக்க விரித்து நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"மாப்பிள்ளை ஏன் ஒரு மாதிரியா இருக்காரு?"

"என்ன மாதிரியா?"

"எதையோ மறைக்கிற மாதிரி."

"உனக்கு அட்டை எழுதுற வேலைதானே குடுத்தாங்க? துப்பறியுற வேலையும் சேர்த்தா?"

ஊசி நிற்கவே இல்லை.*

* என் தங்கை உண்மை சொல்லும்போது கைவேலையை நிறுத்திவிடுவாள். பொய் சொல்லும்போதுதான் வேலை மும்முரமாக நடக்கும். ஆறு வயதிலிருந்து அப்படித்தான்.

4

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இறங்கினேன். கயிற்றுச் சுருளை இடுப்பு ஒடிய நகர்த்தினேன். காய்கறிக் கத்தியால் தாரைச் சுரண்டினேன்.

பலகை உளுக்கவில்லை. நல்ல மரம். ஆனால் அதில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துளை போட்டு, மரக்கட்டை அடித்து அடைத்திருந்தது. மர ஆணி பலகைக்குள் புகுந்து விலாக்கட்டையில் இறங்க வேண்டும். இந்தத் துளை விலாக்கட்டைக்கு இரண்டு விரற்கடை தள்ளி, வெறும் பலகையை ஊடுருவி வெளியே போயிருந்தது.

பின்னால் ஏணி கிறீச்சிட்டது. மாப்பிள்ளையும் தங்கையும் நின்றிருந்தார்கள்.

"துளை தவறிப்போச்சு அக்கா," என்றார் மாப்பிள்ளை. "அடைச்சிட்டேன். தாங்கும்."

"தாங்கும்னா ஏன் மறைச்சீங்க?"

தங்கைதான் பேசினாள்.

"அவருக்கு வலது கண்ணு போயிடுச்சுக்கா. ஒன்பது மாசமாச்சு. ஒத்தைக் கண்ணுல தூரம் பிடிபட மாட்டேங்குது. எது கிட்ட, எது எட்டன்னு தெரியல."

டம்ளர். பென்சில். என் நோட்டில் இருந்த அத்தனை சாட்சியும் ஒரே நொடியில் கட்சி மாறிவிட்டன. [கிழித்த இரண்டு பக்கம் இதனால்தான்.]

"அப்ப இந்த ஒன்பது மாசத்துல போட்ட மத்த துளையெல்லாம்?"

"ஒவ்வொண்ணுக்கும் நான்தான் குறி போட்டேன். நான்தான் பக்கத்துல நின்னு நேரா எறங்குதான்னு பார்த்தேன். தொள்ளாயிரம் துளை. ஒரே ஒரு நாள் நான் இல்ல."

"என்னைக்கு?"

"உன் புத்தக வெளியீட்டு அன்னைக்கு. வேலை இருக்குன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கூடப்பிறந்தவளே வரலைன்னா நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு இழுத்துட்டுப் போனியே."

[இந்த இடத்தில் என்னை நியாயப்படுத்தி ஒரு பத்தி இருந்தது. நன்றாக எழுதப்பட்ட பத்தி. எடுத்துவிட்டேன்.]

"முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆள் போட்டிருப்பாங்களே மாப்பிள்ளை."

"அதான் சொல்லல," என்றார். "ரெண்டு வருஷமா இதுக்குள்ளதான் இருந்தேன். பாதியில எறங்கிப்போன்னா எங்க போவேன்?"

வேலை முடிந்ததும் இந்தக் கப்பலில் எதிர்க்கரைக்குப் போகப்போவது நாற்பது பேர். அவர்களில் மாப்பிள்ளையும் உண்டு, தங்கையும் உண்டு. போகிற வழியில் பாய் கிழிந்தால் தைக்க வேண்டும். சான்று கொடுக்கும் அதிகாரி அடுத்த வியாழக்கிழமை வருவதாக இருந்தது.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

5

அதிகாரி ஒல்லியான மனிதர். சின்ன மரச்சுத்தியால் பலகை பலகையாகத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். கயிற்றுச் சுருளைச் சுற்றிக்கொண்டு போனார். மேலே ஏறினார். பையின் ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டார். நான் தொண்டையைச் செருமினேன்.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் மாப்பிள்ளை.

அவரே கீழே கூட்டிப்போனார். அவரே கயிற்றை நகர்த்தினார். அதிகாரி அடைப்பைத் தட்டி எடுத்துவிட்டு, துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"என்ன, கை தவறிடுச்சா?"

மாப்பிள்ளையின் வாய் திறந்தது. அந்த இடைவெளியில் ஒரு முழுக் கதையே எழுதிவிடலாம்.

"ஆமா சார். கை தவறிடுச்சு."

கை இல்லை, கண். அங்கே நின்றவர்களில் மூன்று பேருக்கு அது தெரியும். தங்கையின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. வலிக்கும்படி.

நான் சொல்லவில்லை.

அதிகாரி சும்மா விடவில்லை. அந்தப் பலகையைக் கழற்றி வேறு போடச் சொன்னார். தன் இஷ்டத்துக்கு அங்கங்கே முப்பது மர ஆணிகளைத் தட்டி எடுக்க வைத்துப் பார்த்தார். முப்பதும் நூல் பிடித்த மாதிரி இறங்கியிருந்தன. கையெழுத்துப் போட்டார்.

முப்பது சரி. மீதி எண்ணூற்றுச் சொச்சத்துக்கு என் தங்கையின் வாக்குதான் சான்று. அன்று வெள்ளிக்கிழமை அவள் அதைச் சொன்னபோது கையில் ஊசி இல்லை. ஆகவே, என் அடிக்குறிப்பு எதற்கும் உதவவில்லை.

6

என்னையும் கப்பலில் கூப்பிட்டார்கள். "வாங்க அக்கா, நேர்ல பார்த்து எழுதலாம்," என்றார் மாப்பிள்ளை. அட்டை வேலை பாக்கி இருக்கிறது என்றேன். பதினான்கையும் நான் என்றைக்கோ கொடுத்து முடித்துவிட்டிருந்தேன்.

இந்தக் கதையில் நான் மிகவும் சந்தேகப்படும் பாத்திரம் யார் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவள் தன் தங்கையின் வார்த்தையை நம்பினாள்: வாயை மூடிக்கொள்ளும் அளவுக்கு. கப்பலில் ஏறும் அளவுக்கு அல்ல.

புறப்படும்போது தங்கை மேல்தளத்திலிருந்து கத்தினாள். "ஏய், உனக்குப் பயமா?" நான் காது கேட்காதவள்போல் கையை ஆட்டினேன். அவள் சிரித்தாளா என்று — (தெரியவில்லை. தூரம்.)

அது ஐந்து நாளைக்கு முன்பு. எதிர்க்கரைத் துறைமுகத்துக்குத் திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். நடுக்கடலில் அவள் போனுக்கு சிக்னல் கிடையாது. இன்று சனிக்கிழமை.

முடிவாக ஒன்று எழுதிப் பார்த்தேன். மூன்றாம் நாள், காற்று, ஏதோ ஒரு ஆணி, மெல்லக் கசியும் தண்ணீர். நான்கு பக்கம். கை அவ்வளவு வேகமாக இதுவரை ஓடியதில்லை. எழுதி முடித்து வாசித்தபோது நன்றாக வேறு இருந்தது. நோட்டை மூடி வைத்தேன். கப்பல் மிதந்தால் எனக்குக் கதை இல்லை என்று இந்தக் கைக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அந்த நான்கு பக்கத்தை உங்களுக்குத் தரமாட்டேன்.

இன்னொரு முடிவுக்கு ஒரு வரி எழுதினேன்: 'திங்கட்கிழமை காலை' — அதற்கு மேல் நகரவில்லை. எனக்குத் தெரியாததை எழுதுவதுதான் தொழில். இதை மட்டும் முடியவில்லை.

நீங்கள் இதைப் படிக்கும்போது திங்கட்கிழமை எப்போதோ கடந்துபோயிருக்கும். ஆகவே மீதியை நீங்கள் எழுதுங்கள். திருப்பம் எதுவும் வேண்டாம். யாரோ ஒருவர் கரையில் நின்று கயிற்றை வாங்கிக் கட்டட்டும். நாற்பது பேரும் காலை நீட்டிச் சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கட்டும். மாப்பிள்ளை படியில் கால் வைக்கத் தடுமாறினால் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அப்புறம் அவள் எனக்குப் போன் செய்து, முதுகு வலி, சாப்பாடு மோசம் என்று ஒரு மணி நேரம் புலம்பட்டும்.

வாசகர்கள் 'சப்பென்று முடிந்துவிட்டது' என்று சொன்னால் பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.