முதுகு காட்டாத ஆட்டம்

விமல் ஆடாத சாவு எண்ணூர்ப் பக்கம் கிடையாது. தெரிந்தவன் செத்தாலும் ஆடுவான், தெரியாதவன் செத்தாலும் ஆடுவான். சட்டி மேளம் காதில் விழுந்தால் போதும், தின்றுகொண்டிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி ஓடுவான். பாடைக்கு முன்னால், செத்தவரைப் பார்த்தபடியே, பின்பக்கமாக நடந்து தெரு முழுக்க ஆடிக்கொண்டு போவான். ஒரு தடவைகூட முதுகைக் காட்ட மாட்டான். "கடைசியா போறவங்களுக்கு முதுவ காட்டலாமாக்கா? மூஞ்சப் பாத்துக்கினே அனுப்பணும்" என்பான் அக்கா மங்கையிடம். சாவுக்கூத்தில் அதுதான் சட்டம். வேறு எந்தச் சட்டத்துக்கும் அடங்காத பயல், அந்த ஒன்றை மட்டும் மீறியதில்லை.

அப்பேர்ப்பட்ட விமலின் சாவுக்கு யாரும் ஆடவில்லை.

ஆட விடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். போன ஆடி மாதம், அவன் கான்ட்ராக்டில் வேலை பார்த்த தொழிற்சாலையில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து அவன் மேல் விழுந்தது. சுவரில் விரிசல் இருக்கிறது என்று அவனே மேஸ்திரியிடம் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். பிணவறை வாசலில் குப்பமே கூடி நின்றது. மேளக்காரர் மாரியப்பன் காகிதத்தைக் கொளுத்தி மேளத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். அப்போது தொழிற்சாலையின் பெரிய அதிகாரி போலீஸ்காரரிடம் தணிந்த குரலில் சொன்னதை மங்கை தன் காதால் கேட்டாள்.

"மேளம் கீளம் எதுவும் வேண்டாம். கூட்டம் சேர்ந்தா வம்பு. சத்தமில்லாம முடிச்சிடுங்க."

முடித்துவிட்டார்கள். பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றி, நேரே சுடுகாடு. மங்கை வண்டியின் பின்னாலேயே ஓடினாள். ரயில்வே கேட் வரைக்கும்தான் ஓட முடிந்தது. தம்பி முகத்தைப் பார்க்க வேண்டியவள் வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வயிற்றில் பிடித்த எரிச்சல் அடங்கவே இல்லை. மீன் வெட்டும்போது எரிந்தது, பேரம் பேசும்போது எரிந்தது, தலை வாரும்போதுகூட எரிந்தது.

இந்த லட்சணத்தில்தான் அதே தொழிற்சாலை 'பாரம்பரிய நடன விழா' நடத்தக் கிளம்பியது. பரதநாட்டியம், கரகாட்டம், ஒயிலாட்டம், அப்புறம் 'நம் பகுதி மக்களின்' மீனவர் நடனம். ஆளைக் கொன்று போட்ட கையோடு கலையை வளர்க்க வந்துவிட்டார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

விழாவை நடத்திக்கொடுக்கும் சங்கரநாராயணன் குப்பத்துக்கு வந்தார். அம்மன் திருவிழாவில் ஆடும் பெண்கள் குழுவுக்கு மங்கைதான் தலைவி. அவர் ஒரு நீலத் துணியையும் கூடை நிறைய பிளாஸ்டிக் மீன்களையும் இறக்கி வைத்தார்.

"சிரிச்ச முகமா ஆடணும்மா. மீனவங்கன்னாலே சந்தோஷம்தானே!"

"எங்க வாயெல்லாம் இந்தக் கம்பெனி சாம்பலு கீது சார். சிரிச்சா கொட்டும்" என்றாள் மங்கை. முடியாது, எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார். "ஒண்ணு ரொம்ப முக்கியம். முன்வரிசையில நடுவுல பெரிய அதிகாரி உட்கார்ந்திருப்பார். ஆடிக்கிட்டே கீழ இறங்கி அவர் முன்னாடி வந்து, கூடையிலேர்ந்து மீனை எடுத்துக் காட்டணும். அவருக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னால நகர்ந்து மேடைக்குப் போயிடணும். அதுதான் மரியாதை."

மங்கை அவரை உற்றுப் பார்த்தாள்.

"யாரு? இந்தக் கம்பெனி பெரிய சாரா?"

"அவரேதான்."

"மூஞ்சப் பாத்துக்கினே பின்னாடி போவணும். அவ்ளோதான சார்?"

"அவ்வளவுதான். கஷ்டமா இருக்குமா?"

"இன்னா கஷ்டம்? எங்களுக்குப் பழக்கந்தான். பாட்டு மட்டும் வோணாம், எங்க மோளமே போதும்."

சங்கரநாராயணனுக்கு ஒரே சந்தோஷம். அவர் போன பிறகு மாரியப்பன் வந்து பக்கத்தில் குந்தினார்.

"பேஜாராயிடப் போவுது, மங்க."

"ஆவட்டும் மாமா. மீன் ஆட்டத்துக்கு அடிக்கிற மாரியே ஆரம்பி. நான் கூடைல கைய வுட்டதும் விமலுக்கு அடி."

மாரியப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "அன்னிக்கு சூடு பண்ண மோளம் அடிக்காமயே கீது" என்றார். "அதையே எடுத்துனு வரேன்."

விழாவன்று அதிகாரி சோபாவில் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தார். போட்டோவுக்காக அதைக் கழற்றாமல் வைத்திருந்தார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் குப்பத்து ஜனம். முதலில் பரதநாட்டியம் ஆடிய பெண் அழகாகத்தான் ஆடினாள். அவள் மேல் மங்கைக்கு ஒரு கோபமும் இல்லை.

அப்புறம் மங்கையின் குழு. நீலத் துணி அலையடித்தது, துடுப்புப் போட்டார்கள், சிரிக்கவும் சிரித்தார்கள். அப்படியே படியிறங்கி அதிகாரியின் சோபாவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். மங்கை கூடைக்குள் கையை விட்டாள். பிளாஸ்டிக் மீன் வரவில்லை. உதிர்த்த சாமந்திப் பூ வந்தது.

மேளம் மாறியது. அந்த அடியைக் கேட்டால் வடசென்னையில் கைக்குழந்தைக்கும் தெரியும், தெருவில் பிணம் போகிறது என்று. மங்கை பூவை அள்ளி அதிகாரியின் மேல் வீசினாள். நாக்கைக் கடித்துத் தோளைக் குலுக்கினாள், விமலைப் போலவே. ஓர் அடி பின்னால் வைத்தாள், மறுபடி பூவை வீசினாள். கண்ணை அவர் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. நாலு பேர் பார்க்கப் பொம்பளை சாவுக்கு ஆடலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். பின்னால் குப்பத்து ஜனம் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி. பிணம் போகும்போது அப்படித்தான் நிற்பார்கள். அதிகாரி திரும்பிப் பார்த்தார். தனக்குத்தான் மரியாதை என்று நினைத்து, பூரித்துப் போய்க் கும்பிட்டார்.

ஆட்டம் மேடையில் போய் முடிந்ததும் அவர் பொன்னாடையோடு ஏறி வந்தார். "என்ன வேகம்! இது என்ன நடனம்மா?" என்று மைக்கை நீட்டினார்.

"சாவுக்கூத்து சார்."

"யார் சாவு?" சிரிப்பு இன்னும் அவர் வாயில் இருந்தது.

"எந்தம்பி விமலு. உங்க தொட்டிச் செவுரு வுழுந்து செத்தானே, அவன். மோளம் வோணாம், சத்தமில்லாம முடிங்கன்னு சொன்னீங்களே, அவன். அவன் மூஞ்ச எங்களுக்குக் காட்டாமயே எரிச்சிட்டீங்க. ஆடறதுக்கு எதுக்க ஒரு மூஞ்சி வோணும்ல சார்? நீங்கதான் மாலையும் கழுத்துமா ஒக்காந்துகினு இருந்தீங்க."

ஸ்பீக்கர் அதைக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோனது. அதிகாரி குனிந்து தன் மாலையைப் பார்த்தார். ரோஜாவுக்கு நடுவே சாமந்தி ஒட்டியிருந்தது. அவசரமாகக் கழற்றப் பார்த்தார். அது சட்டைப் பித்தானில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சங்கரநாராயணன் ஓடிவந்து மைக்கை அணைத்தபோது சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லி முடிந்திருந்தது.

மங்கை பொன்னாடையைத் தொடவில்லை. அவருக்கு முதுகைக் காட்டி நடந்தாள். சுடுகாட்டிலிருந்து வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து அவர்கள் கூப்பிடக் கூப்பிட, அவள் பார்க்கவில்லை.

குப்பத்து முனையில் குழாயடி இருந்தது. பெண்கள் எல்லாரும் அங்கே நின்று, ஆளுக்கொரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். ஈரத் தலையோடு மங்கை வீட்டுக்குள் போனாள்.